தண்ணி கொண்டா என்கிறான் நான்கரை வயது மகன்

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. எல்லாமே அவன் அப்பா மாதிரிதான். அவர் சவரம் செய்தால் இவனும் பக்கத்தில் நின்று சீப்பால் கன்னத்தை வழிக்கிறான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை இழுத்து இழுத்து நடக்கிறான். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மாதமாக, சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொன்னால் "நான் ஆம்பளப் புள்ள, எடுக்க மாட்டேன்" என்கிறான். போன வாரம் என்னைப் பார்த்து "ஏய், தண்ணி கொண்டா" என்றான். பாட்டியும் அத்தையும் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி செல்போனில் வீடியோ எடுத்தார்கள். இப்போதே கண்டிக்க வேண்டுமா, வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் தப்பு எதுவும் செய்யவில்லை, சகோதரி. அந்த 'ஏய்' உங்கள் வீட்டில் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமலே தெரிகிறது.

மூன்று வயதுக்குள் குழந்தை 'நான் பையன்' என்று சொல்லத் தெரிந்துகொள்கிறது. ஆனால் அது மாறாத விஷயம் என்பது அப்போது அதற்குப் புரியாது. தலைமுடியை வளர்த்துப் பாவாடை கட்டிவிட்டால் பெண்ணாகிவிடுவோமோ என்றுகூட நினைக்கும். ஆறு, ஏழு வயதில்தான் இது மனதில் உறுதிப்படுகிறது என்று 1966-இல் லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியலாளர் எழுதினார். உங்கள் பையன் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். பையன் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் தேடுகிற நேரம் இது. தேடினால் கண்ணில் படுவது அப்பா. சவரம், செருப்பு, அதட்டல் எல்லாம் அவனுக்கு ஒரே மூட்டையாகத்தான் வந்து சேர்கின்றன. இதில் எது நல்லது, எது கூடாது என்று பிரித்தெடுக்க நான்கரை வயதுக்குத் தெரியாது.

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அவர்களில் ஒரு பகுதியினர் முன்னால், ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், திட்டினார். அப்புறம் அந்தப் பொம்மை இருந்த அறையில் விட்டதும் பல குழந்தைகள் அதையே செய்தார்கள். பெரியவர் சொன்ன வார்த்தைகளைக்கூடச் சிலர் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அடித்துக் காட்டியவர் ஆணாக இருந்தபோது பையன்கள் இன்னும் அதிகமாக அடித்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பெரியவரை அவர்கள் பார்த்தது சில நிமிடங்கள்தான். உங்கள் மகன் அப்பாவைத் தினமும் பார்க்கிறான்.

பாட்டியின் சிரிப்புக்கும் வருகிறேன். ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில் சிதைத்தல்' என்று ஒரு பருவம் உண்டு. சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைப் பையன் காலால் அழிக்க வருவான், அவர்கள் 'அழிக்காதே' என்று கெஞ்சுவார்கள். அந்தப் பாடல்களை நான் விரும்பிப் படிக்கிறவன். ஆனாலும் பையன் கலைத்தால் அழகு, பெண் கெஞ்சினால் அழகு என்ற அந்த ரசனை பாட்டோடு நிற்கவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லுங்கள். சொன்னதற்குக் கைதட்டல் கிடைத்தால் பிள்ளை மறுபடி சொல்லத்தான் செய்வான்.

வளர்ந்தால் தானாகச் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 6 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு சுமார் 26 பேர்தான் அன்றைய நாளில் ஏதாவது வீட்டு வேலை செய்திருந்தார்கள். பெண்களில் 81 பேர். மீதி 74 ஆண்களும் ஒரு காலத்தில் நான்கரை வயதுப் பையன்களாக இருந்தவர்கள்தான்.

ஆகவே அவனைக் கண்டிக்காதீர்கள். அப்பா சொன்னால் நடக்கிறது, நான் சொன்னால் அடி விழுகிறது என்றுதான் அவன் புரிந்துகொள்வான். 'ஏய்' என்று கூப்பிட்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள். "அம்மா, தண்ணி வேணும்னு கேளு" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சீப்புச் சவரத்தையும் செருப்பு நடையையும் தடுக்கவே தடுக்காதீர்கள். கன்னத்தில் கொஞ்சம் நுரையும் தடவிவிடுங்கள். அப்பா மேல் அவன் வைத்திருக்கும் பிரியம் அது.

இனி எழுதுவது உங்கள் வீட்டுக்காரருக்கு. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

ஐயா, உங்களைப் போல ஆக வேண்டும் என்று இவ்வளவு ஆசையோடு இன்னொரு ஆள் உங்கள் வாழ்க்கையில் வரப்போவதில்லை. இன்னும் சில வருடங்களில் இவனும் நண்பர்கள் பக்கம் திரும்பிவிடுவான். இன்று இரவு சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்துக் கழுவுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய் மொண்டு குடியுங்கள், மனைவிக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுங்கள். பையனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். குழாயடிக்கு அவனே பின்னால் வருவான். அவன் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு முக்காலியை மட்டும் அங்கே போட்டு வையுங்கள்.