சாலை மழைநீரைத் தூய்மையாக்குதல்: கேள்வி பதில்

கேள்வி: சாலையிலிருந்து வடியும் மழைநீருக்கு எண்ணெய் பிரிப்பான் ஒன்றை வைத்தால் போதாதா?

பதில்: போதாது. எண்ணெய்ப் படலம் கண்ணில் படுவதால் அதையே முதன்மையான மாசாக எண்ணிவிடுகிறோம். ஆனால் டயர் தேய்வதால் வரும் துத்தநாகமும் பிரேக் கட்டைகளிலிருந்து உதிரும் செம்பும் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டும், ஓரளவு நீரில் கரைந்தும் வருகின்றன. டயர் ரப்பரில் சேர்க்கப்படும் ஒரு பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் நச்சே கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020இல் கண்டறிந்தார்கள். மிதப்பதைப் பிடிக்கும் கருவி இவற்றைத் தடுக்காது.

கேள்வி: வண்டல் தொட்டி கட்டியும் நீர் கலங்கலாகவே வெளியேறுகிறதே, ஏன்?

பதில்: நுண்துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது, விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஆகவே மணல் படிந்துவிடும். உலோகங்களை அதிகம் சுமக்கும் நுண்ணிய களிமண்ணோ படிவதற்கு முன்பே வெளியேறிவிடும். தொட்டியை இன்னும் ஆழமாகத் தோண்டுவதைவிட நீர்ப்பரப்பை அகலமாக்குவதே பயன் தரும். என் பரிந்துரை, தொட்டியை முதற்கட்டமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதை அடுத்து மணல் மிகுந்த மண்ணில் செடிகள் வளரும் வடிகட்டுப் படுகையை அமைப்பதுதான். அதில் மட்கு உரத்தை அளவுக்கு மீறிக் கலக்காதீர்கள். அதிலிருந்தே பாஸ்பரஸ் கசியும்.

கேள்வி: பெருமழையைக் கணக்கில் கொண்டு வடிவமைக்க வேண்டுமா?

பதில்: வடிகாலுக்கு வேண்டும், சுத்திகரிப்புக்கு வேண்டாம். பெரும்பாலான மழைகள் சிறுமழைகளே என்பதால் அவற்றை முழுமையாகப் பிடித்தாலே மாசின் பெரும்பகுதி நின்றுவிடும். 25 மி.மீ. மழையைப் பிடிப்பதென்றால், 1,000 சதுர மீட்டர் சாலைக்கு 25,000 லிட்டர் கொள்ளளவு தேவை. அதற்கு மேற்பட்ட வெள்ளத்தைப் படுகைக்குள் விடாமல் தனி வழியில் திருப்பிவிடுங்கள். இல்லையேல் பல மாதங்களாகத் தேங்கிய சேற்றை அது ஒரே நாளில் அரித்துச் சென்றுவிடும்.

கேள்வி: கொசு பெருகாதா?

பதில்: மூன்று நாட்களுக்குள் நீர் வடிந்துவிட்டால் பெருகாது.

கேள்வி: பராமரிக்க ஆட்கள் குறைவு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: இடமிருந்தால் சாலையோரப் புல் வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். நிலத்தடி அறைகள் நிரம்பிவிட்டாலும் வெளியே தெரிவதில்லை. வாய்க்காலில் சேறு சேர்ந்தால் வழிப்போக்கருக்கும் தெரியும். அதைக் கட்டும்போது ஒன்றைத் தவறவிடாதீர்கள்: புல்லின் மட்டம் சாலை விளிம்பைவிடச் சில சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால், விளிம்பில் படியும் மண்ணே வரப்பாகி, நீர் வாய்க்காலுக்குள் இறங்காமல் சாலையிலேயே ஓடிவிடும்.