குறையே இல்லாத மடக்குக் கத்தி என்று ஒன்று இருக்க முடியுமா?

முடியாது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்கவில்லை. கத்திப் பிரியர்கள் எஃகைப் பற்றித்தான் விடிய விடிய வாதிடுவார்கள். இன்னும் நல்ல எஃகு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. என்னைக் கேட்டால் குறை கத்தியில் இல்லை, சட்டைப்பையில் இருக்கிறது. அடுப்படியில் புழங்கும் கத்தியைக் கிட்டத்தட்டக் குறையில்லாமல் செய்துவிடலாம். அதையே பைக்குள் போட வேண்டும் என்றால் வம்பு ஆரம்பம்.

பைக்குள் போக அது மடங்க வேண்டும். மடங்கும் கத்தியில், அடுப்படிக் கத்தியைப்போல் அலகின் வால் கைப்பிடிக்குள் நீண்டு பதிந்திருப்பதில்லை. வெட்டும் விசை முழுவதையும் ஒரு சிறிய ஆணி தாங்குகிறது. ஆணி தளர்ந்தால் அலகு ஆடும், இறுகினால் திறக்காது. பையிலுள்ள நூல்பிசிறு, மணல், வியர்வை, நேற்று நறுக்கிய மாம்பழத்தின் சாறு எல்லாம் அந்த மூட்டுக்குள்தான் போய்ச் சேரும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஓப்பினெல் என்ற மடக்குக் கத்தி. கோடரியும் அரிவாளும் அடிக்கும் பட்டறைக்காரர் ஒருவரின் மகன் ஜோசப் ஓப்பினெல் 1890இல் செய்தது. ஓர் அலகு, ஒரு பீச் மரக் கைப்பிடி, ஓர் ஆணி, ஆணியைப் பிடித்துக்கொள்ள ஓர் உலோக வளையம், அவ்வளவுதான். பூட்டு கிடையாது. அழுத்தி வெட்டும்போது அலகு விரல்மேல் மடங்காமல் தடுக்கும் சுழல் வளையம் 1955இல்தான் சேர்ந்தது. அறுபத்தைந்து ஆண்டுகள் விவசாயிகள் தங்கள் கவனத்தையே பூட்டாக வைத்துக்கொண்டு ரொட்டி வெட்டியிருக்கிறார்கள்! மழையில் நனைந்தால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய உத்தி இது. கடைக்காரர் சொல்லித் தராமல் புழங்கிப் பழகியவர்கள் சொல்லித் தரும் இத்தகைய வைத்தியங்கள் இருக்கும்வரை குறை ஒரு பொருட்டே அல்ல என்பது என் கட்சி.

எஃகுக்கு வருகிறேன். கடினமான எஃகு நெடுநாள் கூராக இருக்கும், ஆனால் எலும்பில் பட்டால் கண்ணாடிபோல் விளிம்பு உதிரும். மென்மையானது உதிராது, வளையும். அடிக்கடி தீட்ட வேண்டும். துருவைத் தடுக்கக் குரோமியம் சேர்த்தால் அதில் ஒரு பங்கு கார்பனோடு கூடிப் பெரிய கட்டிகளாக உறைந்து அலகின் உறுதியைக் குறைக்கிறது. 2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகு இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது. அதை வடிவமைத்த லாரின் தாமஸ் குரோமியத்தைச் சுமார் 10.7 சதவீதத்தோடு நிறுத்தி, அந்தக் கட்டிகளே உருவாகாதபடி செய்தார். துருவும் பிடிக்காது, எளிதில் உதிரவும் உதிராது. பெரிய சாதனைதான். ஆப்பிள் தோல் சீவும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஃகைவிட என்னை அன்றாடம் படுத்துவது வேறொன்று. நான் இடக்கைக்காரன். சாதாரண மடக்குக் கத்தியில் நகத்தைக் கொடுத்துத் திறக்கும் பள்ளம் வலக்கைப் பெருவிரலுக்கு வசதியான பக்கத்தில்தான் இருக்கும். 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டது. எந்தக் கையாலும் ஒற்றைப் பெருவிரலால் திறக்கலாம். ஆனால் அந்த ஓட்டைக்காக அலகு அகலமாகிறது, பை புடைக்கிறது. பார்த்தீர்களா, மறுபடியும் பை.

அத்தோடு நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி இங்கே தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மூன்று அங்குலத்துக்கு (சுமார் 7.6 சென்டிமீட்டர்) மேற்படாத வெட்டு விளிம்புள்ள மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் வராது என்று நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. நான் புகழ்ந்த ஓப்பினெல்லில் எட்டாம் எண் அளவின் அலகு எட்டரை சென்டிமீட்டர், இப்போது சுழல் வளையப் பூட்டும் உண்டு, இரண்டிலும் தோற்கிறது. கத்திக்குத்துகளைப் பார்த்துப் பயந்து போட்ட சட்டம், நியாயம் புரிகிறது. ஆனாலும் விரலைக் காக்க வந்த பூட்டுதான் குற்றமாகிறது. ஆக, நம் தேவையும் எஃகும் மட்டுமல்ல, எந்த ஊர்ப் பையில் கத்தி கிடக்கிறது என்பதும் அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால் என் பையில் இருப்பது சிவப்பு சுவிஸ் கத்தி. சுவிட்சர்லாந்துக் கத்தித் தொழிலாளர் கார்ல் எல்செனர் 1897இல் பதிவு செய்த ராணுவ அதிகாரிகள் கத்தியின் வழித்தோன்றல். ஒரே ஸ்பிரிங்கின் இரு பக்கமும் கருவிகளைப் பொருத்தியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். பூட்டு இல்லை, எஃகு மென்மை, நகப் பள்ளம் தப்பான பக்கம். கத்தியைவிடப் பல்குச்சியைத்தான் அதிகம் எடுக்கிறேன்.

முதல் கத்தி வாங்கத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்றால், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு எட்டாம் எண் ஓப்பினெல் வாங்குங்கள். கார்பன் எஃகு அலகென்றால் எலுமிச்சை நறுக்கியதும் துடையுங்கள், கறுக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி நன்றாகக் காயவிட்ட பிறகு பைக்குள் போடுங்கள்.