கடைக்காரர் கேள்வி – பதில்: பருப்பு விலையில் மோதலாமா?

கேள்வி: எங்கள் பலசரக்குக் கடைக்குக் கூப்பிடு தூரத்தில் சுப்பர் மார்க்கெட் ஒன்று திறந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் பெரியகடைச் சந்தையில் நான் மொத்தமாக எடுக்கிற விலைக்கே அங்கே பருப்பும் சீனியும் விற்கிறார்கள். எல்லாச் சாமானுக்கும் 5 வீதம் குறைத்தால் சனம் திரும்பி வருமா? – வாசகர், கோண்டாவில்

பதில்: சனம் வரலாம், இலாபம் வராது. 88 ரூபாவுக்கு எடுத்து 100 ரூபாவுக்கு விற்கிற பொதியில் உங்களுக்கு நிற்பது 12 ரூபா. 95க்கு விற்றால் 7 ரூபா. முன்பு 100 பொதி விற்று எடுத்த 1200 ரூபாவை இனி எடுக்க 172 பொதி விற்க வேண்டும். அதே ஒழுங்கைக்குள், அதே வீடுகளில், அந்த மேலதிக 72 பொதியை யார் வாங்குவது?

சுப்பர் மார்க்கெட்டுக்கு அந்த விலை கட்டுபடியாவதற்குக் காரணம் இருக்கிறது. கொள்வனவு அளவுக்கேற்ற விலைக்கழிவு கிடைக்கும். தட்டில் நல்ல இடம் பிடிக்கக் கம்பனிகள் தனியாகக் காசு கொடுக்கும். சாமானுக்கான காசைத் தவணை கழித்துத்தான் கட்டுவார்கள். அதற்குள் சாமான் விற்று முடிந்துவிடும். பருப்பும் சீனியும் அங்கே தூண்டில் இரை. விட்டதை ஷாம்பூவிலும் சீஸிலும் எடுத்துவிடுவார்கள்.

வாடிக்கையாளர் விலையை மனதில் வைத்திருப்பது பதினைந்து இருபது சாமானுக்குத்தான்: சீனி, பருப்பு, கோதுமை மா, தேங்காய் எண்ணெய், முட்டை, 400 கிராம் பால்மா, சவர்க்காரம், இப்படி. கிழமைக்கு ஒருமுறை அங்கே போய் இவற்றின் விலையை மட்டும் குறித்து வாருங்கள். இவற்றில் கிலோவுக்கு ஐந்து பத்து ரூபா வித்தியாசத்துக்குள் நில்லுங்கள். ஒரு கிழமைக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். சீரகம், ஏலக்காய், கற்பூரம், திரி, மின்குமிழ் ஆகியவற்றின் விலையில் கைவைக்கவே வேண்டாம். 50 கிராம் சீரகத்துக்கு எவரும் இரண்டு கடை ஏறி இறங்குவதில்லை.

அரிசியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு மொத்த விலை 225, சில்லறை விலை 230 ரூபா என்று கட்டுப்படுத்தினார்கள். அப்படியானால் 50 கிலோ மூட்டையில் நிற்பது 250 ரூபா. கிலோ கிலோவாக நிறுக்கும்போது கைதவறி 10 கிராம் கூடினால் ஒரு மூட்டைக்கு அரைக் கிலோ போய்விடும். அதன் கொள்விலை 112 ரூபாவுக்கு மேல். இலாபத்தில் கிட்டத்தட்டப் பாதி. பை, கட்டுகிற நூல் எல்லாம் அதற்குப் பிறகு. இலத்திரனியல் தராசில் முன்கூட்டியே நிறுத்துக் கட்டி வையுங்கள், தராசுக்கு ஆண்டு முத்திரையும் தவறவிடாதீர்கள். நட்டத்தை ஈடுகட்டவென்று கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கப் போனால், நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின் 2021 திருத்தப்படி தனிநபருக்கே தண்டம் ஒரு இலட்சத்தில் தொடங்கி ஐந்து இலட்சம் வரை போகும்.

கேள்வி: கடன் கொப்பியை மூடலாமா? மூடினால் வாடிக்கையும் போய்விடுமே? – வாசகி, சுன்னாகம்

பதில்: மூடாதீர்கள். சுப்பர் மார்க்கெட் காசாளர் கொப்பியில் எழுதிவிட்டுச் சாமான் தரமாட்டார். உங்கள் பலமே அதுதான். ஆனால் 40 வீடுகள் மாதம் 15,000 ரூபாவுக்குக் கடனில் எடுத்தால், மாத முடிவில் ஆறு இலட்சம் வெளியில் நிற்கும். அந்தக் காசு கையில் இல்லாததால்தான் ஏஜென்ட் கைக்காசுக்குத் தருகிற கழிவை விட்டுவிடுகிறீர்கள்.

வீட்டுக்கு ஒரு எல்லை வையுங்கள். கொப்பி இரண்டாக இருக்கட்டும்: ஒன்று கடையில், மற்றது அவர்கள் கையில். சம்பளக்காரருக்குச் சம்பள நாளிலும், கூலி வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமையிலும் கணக்கு முடியுங்கள். பழைய பாக்கியைப் புதுப் பக்கத்தில் கலக்காமல் தனியாக எழுதி, ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு கழியுங்கள். கலந்தால் ஆறு மாதத்தில் சண்டைதான் மிஞ்சும். கணக்குத் தவறுவது பெரும்பாலும் பின்னேர நெரிசலில், பிள்ளையை அனுப்பி வாங்கும்போது. அந்த இடத்திலேயே எழுதிப் பிள்ளையிடம் துண்டு கொடுத்துவிடுங்கள். பால்மா, அரிசி கடனுக்கு வேண்டாம். பால்மாவைக் கடன் கொடுப்பது உங்கள் முதலீட்டை இன்னொரு வீட்டில் கரைத்துக் குடிப்பது.

கேள்வி: சுப்பர் மார்க்கெட்டின் மலிவு விலைச் சாமானை வாங்கி என் கடையில் விற்கலாமா? – வாசகர், சாவகச்சேரி

பதில்: ஏஜென்ட் விலையை விடக் குறைவென்றால் விற்கலாம். மூன்றைப் பாருங்கள்: ஒரு பற்றுச்சீட்டுக்கு எத்தனை என்ற வரம்பு, காலாவதித் திகதி, போய்வரும் பெற்றோல். திகதி கிட்டிய சரக்கைத்தான் அடிக்கடி கழிவில் போடுவார்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கடையில் சொந்தமாகக் கறிமிளகாய்த்தூள் பொதி செய்து விற்க எண்ணம். எப்படித் தொடங்குவது? – வாசகி, இணுவில்

பதில்: நல்ல தெரிவு. கடைத் தூளுக்கும் வீட்டில் வறுத்து இடித்த தூளுக்கும் உள்ள வித்தியாசம் யாழ்ப்பாணத்து மூக்குக்குத் தெரியும். முதல் தடவை ஐந்து கிலோவுக்கு மேல் இடிக்காதீர்கள்.

தவறு நடப்பது விலை போடுவதில். செத்தல் மிளகாயில் காம்பு போகும், வறுக்கையில் ஈரம் போகும், மில்லிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கணக்குக்காக, 10 கிலோ சரக்குக்கு மில் கூலியோடு 10,000 ரூபா முடிந்து, கைக்கு எட்டரைக் கிலோ வந்தது என்று வைப்போம். கிலோ அடக்க விலை 1000 இல்லை, 1176. ஆயிரம் என்று நினைத்து 15 வீதம் ஏற்றி 1150க்கு விற்பவர் இலாபம் என்று நம்பிக்கொண்டே நட்டப்படுவார். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்.

அடுத்த தவறு ஈரம். கருவேப்பிலை கையில் நொறுங்குமளவுக்கு வறுபட வேண்டும். மில்லிலிருந்து தூள் சூடாக வரும். சுத்தமான தாளில் பரப்பி முழுதாக ஆறிய பிறகே கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள் வேர்த்து, தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பொதியில் ஒட்டுகிற லேபலில் பெயர், சேர்மானங்கள், நிகர நிறை, பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, விலை, முகவரி எல்லாம் இருக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

100 கிராம் பொதி ஊருக்கு. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் மட்டும் ஒரு கிலோ பொதியும், காற்று உறிஞ்சி ஒட்டிய தடித்த பையில், கொஞ்சம் போட்டு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது அதைத்தான் தேடுவார்கள்.