லாரி வாசலில் நிற்கும்போது

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்பு கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில், தரப் பிரிவில் இருக்கிறேன். போன மாதக் கடைசி நாள் 40 கேசிங் அனுப்ப வேண்டியிருந்தது. அதில் தண்ணீர் அடைத்துப் பிரஷர் டெஸ்ட் செய்து பார்த்தது 11 கேசிங்கைத்தான். லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேலாளர் வந்து, "ஷீட்டை முடிச்சிருங்க தம்பி, எல்லாம் ஒரே பேட்ச்தானே" என்றார். 40-க்கும் 'சரி' போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை ஐயா. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தவர். சப்ளையர் தரும் தீபாவளி ஸ்வீட் பெட்டியைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார், வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் எப்படி இதைச் சொன்னார்? அந்த நல்ல குணமெல்லாம் வேஷமா? நாலு நாளாகத் தூக்கமில்லை.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்,

வேஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்வீட் பெட்டியைப் பார்த்ததும் அவர் மனசில் எழுவது 'இதை வாங்கலாமா, கூடாதா' என்ற கேள்வி. அதற்கான பதிலை என்றைக்கோ முடிவு செய்து வைத்திருக்கிறார். ஷீட்டைப் பார்த்ததும் எழுந்தது 'லாரி எப்போது கிளம்பும்' என்ற கேள்வி. அங்கே நியாயம், அநியாயம் என்ற பேச்சே வரவில்லை. நல்ல மனிதர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தப்பு அவர்களிடம் வேலை மாதிரி உடுத்திக்கொண்டு வருகிறது.

டென்னிஸ் ஜியோயா என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். வியட்நாம் போரை எதிர்த்த தலைமுறைக்காரர். உள்ளே போய் நிறுவனங்களைத் திருத்தலாம் என்ற எண்ணத்தோடு 1972-ல் ஃபோர்டில் சேர்ந்தார். அடுத்த வருடமே, பழுதுள்ள கார்களைத் திரும்ப வரவழைக்கும் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ஆனார். அப்போது பின்டோ என்ற சின்னக் கார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் டேங்க் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்ததால், பின்னாலிருந்து மிதமான வேகத்தில் வேறு வண்டி மோதினாலே தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. எரிந்து கூடாகிப்போன ஒரு பின்டோவை ஜியோயா நேரிலேயே பார்த்தார், மனம் கலங்கிப்போனார். ஆனால் அந்த விவகாரம் கூட்டத்துக்கு வந்தபோது, திரும்ப அழைக்க வேண்டாம் என்று மற்றவர்களோடு சேர்ந்து அவரும் வாக்களித்தார்.

ஏன் என்பதை அவரே 1992-ல், நிர்வாகவியல் பேராசிரியராக இருந்தபோது, ஒரு கட்டுரையில் எழுதினார். என்னைப் பொறுத்தவரை, இந்த விஷயத்தில் அதைவிட நேர்மையான சாட்சியம் குறைவு. மேசையில் எந்நேரமும் புகார்க் கோப்புகள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் அவர் தேடப் பழகியது இரண்டு விஷயங்கள்: அடிக்கடி நடக்கிறதா, இன்ன பாகம்தான் காரணம் என்று சொல்ல முடிகிறதா. பின்டோ கோப்பில் இரண்டுமே பளிச்சென்று தெரியவில்லை. மனம் பதறினால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பதால் பதற்றத்தையும் ஒதுக்கி வைக்கக் கற்றிருந்தார். அதனால் தர்மசங்கடம் என்று ஒன்று அங்கே இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. இதைக் கேளுங்கள்: அவரே பின்டோதான் ஓட்டினார். அப்புறம் அதைத் தன் சகோதரிக்கு விற்றார். தெரிந்தே கேடு செய்கிறவன் தங்கைக்கோ அக்காவுக்கோ அந்தக் காரைத் தருவானா? சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக ஃபோர்டு அறிவித்தது 1978-ல். அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

உங்கள் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது லாரி. 1973-ல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படிக்கும் 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒரு ஆள் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பான். அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். 'நேரமாகிவிட்டது, ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அந்த 40 பேரில் பாதிப் பேர் பேசப் போனதே நல்ல சமாரியன் உவமையைப் பற்றி, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றிய பைபிள் கதை! சிலர் கிடந்தவனைத் தாண்டிக் கால் வைத்தே போயிருக்கிறார்கள். பக்தியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மாதக் கடைசி என்பது எவ்வளவு பெரிய சக்தி என்று சொல்ல வந்தேன்.

இதையெல்லாம் எல்லோருக்கும் மன்னிப்புச் சீட்டாக நீட்டிவிட முடியாது. சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், கணக்கில் சின்ன வித்தியாசமாகத் தொடங்கியது வருடா வருடம் வளர்ந்தது என்றார். புலிமேல் ஏறிவிட்டு, அதற்கு இரையாகாமல் இறங்கத் தெரியாதவன் நிலை தன்னுடையது என்றும் சொன்னார். இல்லாத ரொக்கம் மட்டும் 5,040 கோடி. புலி தானாக வந்து முதுகைக் காட்டவில்லை என்று நீதிமன்றமும் நினைத்திருக்க வேண்டும், 2015-ல் 7 வருடம் கொடுத்தது. ஆனாலும் அந்த முதல் காலாண்டு, அந்தச் சின்ன வித்தியாசம், அதை நான் நம்புகிறேன்.

நம்பக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்த்தார்கள். மார்ச் கடைசியில் ஸ்டோர் இருப்பை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. மூன்று வருடம் எண்ணவே இல்லை. பச்சை மையில் ஒரு டிக், அவ்வளவுதான். நான்காம் வருடம் புதிதாக வந்த பெண், "சார், நாற்காலி 52 என்று இருக்கிறது, 38 தான் இருக்கு, எதை எழுதட்டும்?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் கத்தியிருப்பேன். இரண்டு எண்ணைச் சொல்லி எதை எழுத என்று கேட்டவளிடம் என்ன சொல்வது?

உங்கள் மேலாளர் 'ஷீட்டை முடி' என்றுதான் சொன்னார். 'பார்க்காத 29-ஐப் பார்த்ததாக எழுது' என்ற வாக்கியம் அன்றைக்கு அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. உங்கள் வாயிலிருந்தும்தான். நாலு நாள்தானே ஆகியிருக்கிறது, வாங்கியவர் ஸ்டோரிலேயே அவை இன்னும் கிடக்கலாம். மாதத் தொடக்கத்தில் லாரி ஏதும் நிற்காது. காலையில் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்: "சார், 29 டெஸ்ட் ஆகலை. ஷீட்டில் ஆச்சுன்னு என் கையெழுத்து இருக்கு. அவங்க இடத்துலயே போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.