வாங்குமுன் கேளுங்கள்: அம்புக்கு எந்த இறகு, எத்தனை அங்குலம்?

மரவில், லாங்போ (நீளவில்), குதிரைவில் என்று பழைய பாணி வில் வாங்கியவர்களின் கடிதங்கள் இந்த முறை ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. வில்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அம்பின் வாலில் ஒட்டும் இறகுதான் பிரச்சினை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 35 பவுண்டு இழுவிசை கொண்ட ரிகர்வ் (நுனி முன்பக்கம் வளைந்த) வில். அம்பைத் தாங்கும் தனி ரெஸ்ட் இல்லை, வில்லின் ஷெல்ஃபிலேயே (பிடிக்கு மேலுள்ள திட்டு) அம்பை வைத்து விடுகிறேன். தூரம் 18 மீட்டர்தான். 3, 4, 5 அங்குலம் என்று இறகு காட்டுகிறார்கள். எது வாங்க? (கோவை)

பதில்: 4 அங்குலம், அம்புக்கு மூன்று. மர அம்பு என்றாலோ, நீங்கள் இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றாலோ 5 அங்குலம். நாணை விட்டதும் அம்பு நெளிந்துகொண்டேதான் கிளம்பும். பின்பக்கத்தைக் காற்றில் இழுத்துப் பிடித்து அதை நேராக்குவது இறகின் வேலை. பரப்பு கூடினால் சீக்கிரம் நேராகும், வேகமும் சீக்கிரம் குறையும், சத்தமும் வரும். 18 மீட்டரில் அந்த வேக இழப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. 50 மீட்டருக்குப் போகும்போது தெரியும். சின்ன இறகைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

வெளிநாட்டுக் கடைகள் 5, 5.5 அங்குலத்தைத் தலையில் கட்டப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பலர் வேட்டைக்குப் போகிறவர்கள். அகன்ற வெட்டுமுனை பொருத்திய அம்பில் முன்னால் இருக்கும் தகடே காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பப் பார்க்கும். அதை அடக்கப் பின்னால் பெரிய இறகு வேண்டும். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கே தடை. ஃபோம் பலகையைக் குத்தப் போகிற அம்புக்கு அந்தக் காரணம் எதற்கு?

கேள்வி: ஷீல்ட் கட் பார்க்க அழகாக இருக்கிறது. பாராபாலிக்தான் துல்லியம் என்கிறார் கடைக்காரர். விலையும் கூடச் சொல்கிறார். (சேலம்)

பதில்: நீளமும் உயரமும் ஒன்றாக இருந்தால் குறியில் வித்தியாசம் தேடாதீர்கள். பின்முனை கூராக முடிகிற ஷீல்ட் கொஞ்சம் சத்தம் போடும், வளைந்து இறங்குகிற பாராபாலிக் கொஞ்சம் அமைதி, அவ்வளவுதான். கண்ணுக்குப் பிடித்ததை வாங்குங்கள். வடிவத்துக்கென்று ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் வலது கைக்காரன். இடது சிறகு இறகா, வலது சிறகு இறகா? (திருச்சி)

பதில்: எதுவானாலும் சரி. ஒரே அம்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் 50 இறகு கொண்ட பை வாங்கி நானே ஒட்டினேன். ஒரே பசை, ஒரே ஜிக் (ஒட்டும்போது இறகைப் பிடிக்கும் கருவி), ஒரே தண்டு. சில அம்பு ஒழுங்காகப் போகிறது, சில அம்பு தள்ளாடுகிறது. என் கை சரியில்லையா? (மதுரை)

பதில்: உங்கள் கையைக் குறை சொல்ல மாட்டேன். பையைக் கொட்டிப் பாருங்கள். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் வருவது பெரும்பாலும் வான்கோழியின் சிறகிலுள்ள நீண்ட இறகு. இடது சிறகிலிருந்து எடுத்தது ஒரு பக்கம் வளையும், வலது சிறகிலிருந்து எடுத்தது எதிர்ப்பக்கம் வளையும். அந்த வளைவுதான் பறக்கும்போது அம்பைச் சுழல வைக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இடது சிறகு இறகு இடப்பக்கமாகவும், வலது சிறகு இறகு வலப்பக்கமாகவும் சுழற்றும். ஒரே அம்பில் இரண்டு இதுவும் ஒன்று அதுவுமாக ஒட்டினால் ஒன்றை ஒன்று மல்லுக்கட்டும். ஹெலிகல் க்ளாம்ப் (இறகைச் சற்று முறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) வைத்து ஒட்டுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். அந்த க்ளாம்பே இடது, வலது என்று தனித்தனியாகத்தான் வரும். எதிர்ச் சிறகின் இறகை அதில் பிடித்தால் அடிப்பாகம் தண்டில் உட்காராமல் தூக்கிக்கொள்ளும்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தை விற்பனைப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். ‘பிரீமியம்’ இருக்கும், ‘நூறு சதவீதம் இயற்கை’ இருக்கும், பன்னிரண்டு நிறங்களில் படம் இருக்கும். எந்தச் சிறகு என்ற ஒரு சொல் இருக்காது. நானும் ஆரஞ்சு நிறத்தில் மயங்கி அப்படி ஒரு பை வாங்கியவன்தான். இடதும் வலதும் கலந்து கிடந்தது. விற்றவரிடம் கேட்டால், “எல்லாம் இறகுதானே சார்!” என்றார். கீழே விமர்சனம் எழுதுகிறவர்கள் அதற்கு மேல். பார்சல் வந்த அன்றே ‘பேக்கிங் சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம். ஓர் அம்பாவது ஒட்டிப் பார்த்துவிட்டு எழுதக் கூடாதா?

இப்படிச் சோதியுங்கள். எல்லா இறகையும் முன்முனை உங்களைவிட்டு அப்பால் பார்க்கும்படி, அடித்தண்டு மேசையில் படும்படி நிறுத்திப் பிடியுங்கள். இறகுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். ஒரே சிறகுக் கூட்டமானால் மங்கல் பக்கம் எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருக்கும். மாறுகிறதைத் தனியே ஒதுக்குங்கள். இரண்டு குவியலையும் தனித்தனி அம்புகளுக்குப் பயன்படுத்தலாம், வீணில்லை. அடுத்த முறை பணம் கட்டுமுன் “எந்தச் சிறகு, எத்தனை அங்குலம், எந்தப் பறவை?” என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: பெரிய இறகு வைத்த ஃப்ளூ-ஃப்ளூ அம்பு ஒரு டஜன் வாங்கினேன். 50 மீட்டர் இலக்கைத் தொடவே இல்லை, பாதியிலேயே விழுகிறது. தரமற்ற பொருள் என்று புகார் கொடுக்கலாமா? (பெங்களூரு)

பதில்: கொடுக்க முடியாது. பாதியில் விழுவதற்காகவே செய்த அம்பு அது. மேலே எறியும் இலக்கை அடித்துவிட்டுத் தொலையாமல் பக்கத்திலேயே இறங்க வேண்டும் என்றுதான் அவ்வளவு உயரமான இறகை வெட்டாமல் விடுகிறார்கள். படத்தைப் பார்த்து வாங்கினீர்கள், படத்துக்குக் கீழே இருந்ததைப் படிக்கவில்லை. பொருள் பொய் சொல்லவில்லை.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து வான்கோழி இறகு 4 அங்குலம் என்று வாங்கினேன். வந்தது பஞ்சு மாதிரி ஏதோ கோழி இறகு, சாயம் விரலில் ஒட்டுகிறது. “பாக்கெட் பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார். சிறிய தொகைதான், விட்டுவிடவா? (தஞ்சாவூர்)

பதில்: விடாதீர்கள். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. விளம்பரத்தின் படம், பணம் போன யுபிஐ ரசீது, வந்த இறகை அளவுகோலோடு வைத்து எடுத்த படம், அவர் மறுத்த செய்தி, நான்கையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். சிறிய தொகை என்று நாம் விடுவதுதான் அவருடைய மூலதனம்.

பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் கணக்கை மூடிவிட்டு ஓடியிருந்தால் அது மோசடி. அதற்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

கேள்வி: பிளாஸ்டிக் வேன் (இறகு வடிவத் தகடு) மலிவு, மழையில் நனையாது. இறகுக்குப் பதில் அதையே ஒட்டினால் என்ன? (காரைக்கால்)

பதில்: ஷெல்ஃபிலிருந்து விடும்போது இறகு மடங்கிக் கொடுத்துக் கடந்துபோகும். பிளாஸ்டிக் இடித்துக்கொண்டு அம்பை உதைத்துத் தள்ளும். உயர்த்திய ரெஸ்ட் இருந்தால் தாராளமாக ஒட்டுங்கள். லாங்போவில் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதுவும் முடியாது. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் லாங்போ பிரிவில் மரத்தண்டும் இயற்கை இறகும்தான்.

நனைந்தால் பயப்பட வேண்டாம். உதறிக் காயவிட்டு, கொதிக்கும் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினால் படுத்த இறகு எழுந்து நிற்கும். மழையைவிட அலமாரியில் வரும் பூச்சிதான் எமன். நாஃப்தலின் உருண்டை போட்டு வையுங்கள்.

கேள்வி: குதிரைவில்லில் கைமேல் வைத்து விடும்போது ஆள்காட்டி விரல் அடியில் கிழித்துவிட்டது. இறகு கம்பெனியின் தவறா? (ஈப்போ)

பதில்: ஒட்டியவரின் தவறு. இறகின் முன்முனையில் அடித்தண்டு ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். விரலை இறகின் பக்கமாகத் தண்டின் மேல் ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும். அதை உப்புத்தாளால் தண்டோடு சரிவாகத் தேய்த்து, மேலே ஒரு சொட்டுப் பசை விட வேண்டும். கையில் வைத்து விடுகிறவர்கள் நூல் சுற்றிப் பசை பூசினால் இன்னும் நல்லது. தயாராக ஒட்டிய அம்பு வாங்கும்போதும் முதலில் இந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மயில்கள் வருகின்றன. உதிர்ந்த சிறகு இறகை எடுத்து அம்பு செய்து விற்கலாம் என்றிருக்கிறேன். (திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். சட்டம் விலக்குத் தருவது மயிலின் வால் இறகுக்கு மட்டும்தான், சிறகு இறகுக்கு இல்லை. வியாபார ஆசை இருந்தால் பக்கத்தில் வான்கோழி வளர்க்கிறவரைப் பாருங்கள். நந்தனம் வான்கோழியை இங்கே பலர் வளர்க்கிறார்கள். இறைச்சி போக வெட்டி எறிகிற சிறகில்தான் உங்கள் சரக்கு இருக்கிறது. கேட்டால் கிடைக்கும்.

கேள்வி: அம்பு எப்போதும் இடப்பக்கமே போகிறது. 4 அங்குலத்தை எடுத்துவிட்டு 5.5 வாங்கினால் சரியாகுமா? (சென்னை)

பதில்: நோய் மறையும், போகாது. தண்டு உங்கள் வில்லுக்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள். இறகே ஒட்டாத ஒரு தண்டை, இறகு ஒட்டியவற்றோடு சேர்த்துக் கிட்டத்திலிருந்தே விடுங்கள். வலது கைக்காரருக்கு மொட்டைத் தண்டு நன்றாக இடப்பக்கம் போய்க் குத்தினால் தண்டு விறைப்பு அதிகம், வலப்பக்கம் போனால் தொய்வு அதிகம். அப்படியானால் மாற்ற வேண்டியது தண்டின் ஸ்பைன், அதாவது அதன் விறைப்பு அளவு. முனையின் எடையைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். இறகுக்குப் போகிற பணத்தில் இரண்டு மூன்று ஸ்பைனில் ஒவ்வொரு தண்டு வாங்கிச் சோதியுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக அம்பு. எந்த நிற இறகு நல்லது? (யாழ்ப்பாணம்)

பதில்: புல்லில் தொலையாத நிறம். பச்சை வேண்டாம். மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருக்கட்டும். நாணில் பூட்டும்போது அது வில்லுக்கு வெளிப்பக்கம் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.