மகன் சாலையில் ரேஸ் ஓட்டிச் சிக்கினான். பழியைத் தகப்பன் ஏற்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். மூத்த மகனுக்கு வயது 19, கல்லூரியில் படிக்கிறான், லைசென்ஸ் உண்டு. என் பெயரில் வாங்கிக்கொடுத்த பைக்கில் சனிக்கிழமை நள்ளிரவு ஏர்போர்ட் ரோட்டில் நண்பர்களுடன் ரேஸ் ஓட்டியிருக்கிறான். யாருக்கும் அடிபடவில்லை. போலீசார் எஃப்.ஐ.ஆர். போட்டு வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார்கள். சைலன்சரை மாற்றியிருப்பதாகவும் சொல்கிறார்கள். ஓட்டியது யார் என்று கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக்கொடுத்து அபராதம் கட்டிவிட்டால் மகனின் பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் இடைஞ்சல் வராது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். 16 வயதான இளைய மகனும் அதே வண்டியைத் தெருவில் ஓட்டுவதுண்டு. அண்ணன் அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். மூத்தவனைக் கேட்டால், ரேஸை மட்டும் விட முடியாது என்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக்கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் யார் என்று காவல்துறை கேட்டால் தெரிந்த விவரத்தைச் சொல்ல வேண்டியது வண்டி உரிமையாளரின் கடமை. அதில் தெரிந்தே பொய் சொல்வது அந்தச் சட்டப்படியே குற்றம். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தருவதற்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை என்றும் இருக்கிறது. ஏர்போர்ட் ரோட்டில் கேமராக்கள் இருக்கின்றன. உங்கள் கைப்பேசி அன்றிரவு எங்கே இருந்தது என்பதும் பதிவாகியிருக்கும். இப்போது வீட்டில் ஒருவர் மீது இருக்கும் வழக்கு, அந்தக் கடிதத்தால் இருவர் மீது வரும். அதுவும் பொய் சொன்ன வழக்காக வரும். வண்டி என்னுடையது, அன்று அதை மகன் எடுத்துச் சென்றிருந்தான் என்ற அளவில் சுருக்கமாக, உண்மையாக, வழக்கறிஞர் பார்த்த பிறகு பதில் கொடுங்கள். நீங்கள் நேரில் காணாத ரேஸைப் பற்றி அதில் எதுவும் எழுத வேண்டியதில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பாதுகாப்பு மகனுக்கு உண்டு. அதனால் அவனும் எங்கும் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

அதேபோல, இன்ஸ்டாகிராமில் இருப்பதை அவசர அவசரமாக அழிக்கச் சொல்லாதீர்கள். குற்றத்தின் தடயத்தை அழிப்பது நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றமாகிவிடலாம். அழித்ததாக நினைத்தது இன்னொருவரின் போனில் அப்படியே இருக்கும். புதிதாக எதையும் போடாமல் இருந்தால் போதும்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, எந்தெந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். மாநில அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் வண்டிகளுக்கிடையே பந்தயமோ வேகப் போட்டியோ நடத்த விடுவதும் அதில் கலந்துகொள்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின் கீழ் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பணம் கட்டி ஓட்டினால்தான் பந்தயம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பிரிவு அப்படிச் சொல்லவில்லை, எந்த வகைப் போட்டியானாலும் அதில் அடங்கும். ஒருவன் தனியாக, முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலிங் செய்தால் 189 பொருந்துவது கடினம். ஆனால் அபாயகரமாக ஓட்டுவதற்கான 184ஆம் பிரிவும், பொதுவழியில் அசட்டையாக ஓட்டுவதற்கான நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் பொருந்தும். இவை மூன்றுமே பிணையில் விடக்கூடியவை. நள்ளிரவு, சாலை காலி என்ற வாதம் தண்டனையின் அளவைப் பேசும்போது ஓரளவு உதவலாம். குற்றமே இல்லை என்று காட்ட உதவாது.

அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்ற யோசனையைப் பற்றி நீங்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த சமரசத் தொகையைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. 281ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது அப்படிப்பட்டதல்ல. தொகை சிறியதாக இருந்தாலும் அது தண்டனைத் தீர்ப்புதான், பின்னாளில் வேலைக்கோ விசாவுக்கோ படிவம் நிரப்பும்போது அதைக் குறிப்பிட வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்தில் முடிகிறதே என்று ஒப்புக்கொண்டுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து வருந்தும் இளைஞர்கள் பலர். உங்கள் மகனுக்கு 21 வயது நிறையவில்லை, முதல் குற்றம், யாருக்கும் காயமில்லை. எனவே குற்றம் நிரூபணமானாலும், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவனைத் தொடராது என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, எஃப்.ஐ.ஆர். போட்டதாலேயே அது கிடைக்காமல் போய்விடாது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்று வழக்கு நிலுவையில் இருந்தால், அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

வண்டியைத் திரும்பப் பெற, உரிமையாளர் என்ற முறையில் ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை ஆகியவற்றுடன் நீதிமன்றத்தில் நீங்களே இடைக்காலப் பொறுப்பு மனு போட வேண்டும். பிடிபட்ட வாகனங்களை ஸ்டேஷனில் வெயிலிலும் மழையிலும் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்றிய சைலன்சருக்குத் தனியாகப் பொறுப்பு உண்டு: விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு, அதாவது உங்களுக்கு, 182ஏ(4)இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். வண்டி கைக்கு வந்ததும் கம்பெனி சைலன்சரைப் பொருத்தி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். போலீசார் மகனின் லைசென்ஸை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால் முதல் முறைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் வரலாம். இரண்டாம் முறை லைசென்ஸே ரத்தாகலாம். உத்தரவுக்கு முன் அவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்வதால், அந்த நோட்டீஸுக்கு நேரில் போய்ப் பதில் சொல்லட்டும்.

உங்கள் கடிதத்தில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன இளைய மகனின் விஷயம்தான் எனக்கு மூத்தவனின் வழக்கைவிட அதிகக் கவலை தருகிறது. 16 வயதில், 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே லைசென்ஸ் கிடைக்கும். உங்கள் பைக்கை அவன் தெருமுனை வரை ஓட்டினாலும் அது குற்றம். 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் இப்படிக் குற்றம் செய்தால் பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். உங்கள் விஷயத்தில் இருவரும் ஒருவரே. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது நிறையும் வரை லைசென்ஸ் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய முயற்சி எடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவன் ஓட்டுவதுண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதைப் போலீசாரிடம் போய் நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாவியை இன்றே உங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் அடிபடவில்லை என்பதால் இந்த வழக்கு இந்த அளவில் நிற்கிறது. எதிரே பால் வண்டியோ, விமான நிலையத்தில் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் ஒருவரோ வந்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். கவனக்குறைவால் மரணம் என்றால் நியாய சன்ஹிதாவின் 106(1)இன் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை. ரேஸில் உயிர் போகலாம் என்று தெரிந்தே ஓட்டினான் என்று காவல்துறை கருதினால் 105ஆம் பிரிவு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல். அதில் பிணை எளிதில் கிடைக்காது. மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர்கள் கார் ஏறி இறந்த வழக்கில், பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவின் கீழ் விதிக்கப்பட்ட தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே நடந்தது ரேஸ் அல்ல. ஆனால் வண்டி ஓட்டுபவனின் அறிவை நீதிமன்றம் எப்படி எடைபோடும் என்பதற்கு அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இழப்பீட்டையும் யோசியுங்கள். ஏற்பாடு செய்த பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் பாலிசியில் நிபந்தனை வைக்கச் சட்டமே அனுமதிக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு. அந்தத் தொகை பல லட்சங்களாக இருக்கலாம்; அது உங்கள் வீட்டின் மீதுதான் வந்து விழும். இறந்தது உங்கள் மகனாகவே இருந்தால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம்: தன் சொந்த அசட்டையான ஓட்டத்தாலேயே காரைக் கவிழ்த்து உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தப் பத்தியை மகனையே படிக்கச் சொல்லுங்கள்.

ரேஸை விட முடியாது என்கிறானே, அதற்கு வருவோம். அவனை ரேஸை விடச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை. 189ஆம் பிரிவு தடுப்பது பொது இடத்தில், அரசின் ஒப்புதல் இல்லாமல் ஓட்டுவதை. ஒப்புதல் இருந்தால் நகரத்தின் நடுவிலும் ரேஸ் நடக்கும்: 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை மூடி இரவு கார் ரேஸ் நடத்தினார்கள். அதற்குத் தடுப்புகள், மருத்துவக் குழுக்கள், சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் பாதுகாப்புச் சான்று எல்லாம் தேவைப்பட்டன. மூடிய தனியார் ரேஸ் தளமோ பொது இடமே அல்ல. பெங்களூருவிலிருந்து சென்னை நெடுஞ்சாலையிலேயே போனால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் தளம் இருக்கிறது; தேசிய மோட்டார் சைக்கிள் போட்டிகள் அங்கே நடக்கின்றன, பயிற்சிப் பள்ளிகளும் நாள் வாடகைக்கு அங்கே வகுப்பு நடத்துகின்றன. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. அவ்வளவு தூரம் போகும் முன் பெங்களூருவிலேயே உள்ள கோகார்ட் (சிறிய ரேஸ் கார்) தளங்களில் ஓட்டிப் பார்க்கட்டும். வேகத்தைவிட, வளைவில் சரியான பாதையை விட்டு விலகாமல் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்வான். கோலார் பக்கம் மண் தளப் பயிற்சி மையம் இருக்கிறது. நெடுந்தூரப் பாலைவனப் போட்டியான டக்கார் ராலியில் ஓட்டிய முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் பெங்களூருக்காரர்தான்.

போட்டியில் கலந்துகொள்ள, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பிடம் போட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். சாலை லைசென்ஸ் இதற்கு ஈடாகாது. முகத்தை முழுதும் மூடும் ஹெல்மெட், தோல் உடை, கையுறை, பூட்ஸ் எல்லாம் இல்லாமல் தளத்துக்குள் விடமாட்டார்கள். தளம் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. 2023 ஆகஸ்டில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் சென்னைத் தளத்தில் தேசியப் போட்டியின்போது விழுந்து உயிரிழந்தான். ஆனால் தளத்தில் எதிரே வண்டி வராது, சம்பந்தமில்லாத எவரும் குறுக்கே நடக்கமாட்டார்கள், ஆம்புலன்ஸ் ஓரத்தில் நிற்கும். கையெழுத்துக் கேட்கும் பொறுப்பு விலக்குப் பத்திரத்தை நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு அவனைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் பாலிசி தளத்தில் நடப்பதற்குப் பொதுவாகச் செல்லாது என்பதால், மோட்டார் விளையாட்டை விலக்காத தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு வண்டியை மினி லாரியில் ஏற்றி அனுப்புங்கள். நெடுஞ்சாலையில் நண்பர்களுடன் போட்டி போட்டுக்கொண்டு தளம் வரை போவதும் 189தான்.

இனி ஓராண்டு வரை பொது அமைதியைக் கெடுக்காமல் இருப்பதாகப் பத்திரம் எழுதித் தரும்படி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின் கீழ் மகனை அழைத்தால், வழக்கறிஞருடன் போகச் சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த பிறகு மீறினால் பத்திரத் தொகை பறிபோகும். 133 நோட்டீஸில் எத்தனை நாளுக்குள் பதில் என்று குறிப்பிட்டிருக்கும். அந்த நாளுக்குள் பதிலை நேரில் கொடுத்து, நகலில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.