19ஆம் பக்கத்தில் கிடந்த விடயம்

அன்புள்ள அண்ணா,

ஒரு விநியோகக் கம்பனியில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் பேலியகொடை ஸ்டோருக்குள் களனி ஆற்று வெள்ளம் இரண்டு தடவை வந்துவிட்டது. வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். ஒரு மாதம் அலைந்து 22 பக்கம் எழுதினேன். பணிப்பாளர் கொஞ்சம் புரட்டிவிட்டு, "இப்ப நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். என்னுடைய இங்கிலீஷ்தான் பிரச்சினை என்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு முன்மொழிவும் எழுத வேண்டும். அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன்.

கே., வெள்ளவத்தை

அன்புள்ள கே.,

22 பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். இங்கிலீஷில் குறை ஒன்றும் இல்லை, அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். சிக்கல் ஒழுங்கில்தான். கம்பனி தொடங்கிய கதை, ஸ்டோர் கட்டிய கதை, யார் யாரைச் சந்தித்தீர்கள், எந்தெந்த இடம் போய்ப் பார்த்தீர்கள் என்று வேலை செய்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போய், கடவத்தைக்கு மாற்றலாம் என்பதை 19ஆம் பக்கத்தில் சொல்கிறீர்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய கை நம் எல்லோருக்கும் அப்படித்தான் ஓடும். அந்தக் கட்டுரையைக் கடைசிவரை வாசிப்பது ஆசிரியருக்குக் கடமை. உங்கள் பணிப்பாளருக்கு அப்படி ஒரு கடமை இல்லை, அவர் காசுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள்.

நான் கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன். மேசைக்கு வரும் எந்த ஃபைலையும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்ததில்லை. எவ்வளவு கேட்கிறார், எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவார், கட்ட முடியாமல் போனால் என்ன பிணை, இந்த நான்கையும்தான் தேடுவேன். தேடிக் கிடைக்காத ஃபைல் மேசையின் ஓரத்துக்குப் போய்விடும், நல்ல தொழிலாக இருந்தாலும் போய்விடும். அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

சரி, உங்கள் அறிக்கை இப்படித் தொடங்கட்டும்: "பேலியகொடை ஸ்டோரை ஒக்டோபர் மழைக்கு முன் கடவத்தைக்கு மாற்ற அனுமதி வேண்டும். மாற்றும் செலவு 42 இலட்சம் ரூபாய். இரண்டு வெள்ளத்திலும் நனைந்து வீசிய சரக்கு 67 இலட்சம். மாத வாடகை 60,000 ரூபாய் கூடும். இந்த மாதம் 25ஆம் திகதிக்குள் முடிவு தெரிந்தால் கட்டடத்தைப் பிடித்து வைக்கலாம்."

எல்லாம் உங்களுடைய இலக்கங்கள்தான், 7ஆம், 12ஆம், 16ஆம் பக்கங்களில் சிதறிக் கிடந்தவை. வாடகை கூடுவதை ஓர் அட்டவணைக்குள் வைத்திருந்தீர்கள், அதை மேலே கொண்டுவாருங்கள். பாதகமானதை நீங்களே சொன்னால் மற்ற இலக்கங்களையும் நம்புவார், அவராகத் தேடிக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கக்கூடிய கேள்விகளின் வரிசையில் போங்கள். ஏன் கடவத்தை, லொறிச் செலவு எவ்வளவு கூடும், வேலையாட்கள் அங்கே வருவார்களா, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும். தலைப்புகளும் அந்தக் கேள்விகளாகவே இருக்கட்டும், "போக்குவரத்து" என்று மட்டும் போட்டால் ஒன்றும் விளங்காது. பில்கள், படங்கள், நீங்கள் சிரமப்பட்டுப் போட்ட எக்ஸெல் கணக்கு எல்லாம் பின்னிணைப்புக்கு. 1940 ஓகஸ்ட் 9ஆம் திகதி, யுத்தத்தின் நடுவில், பிரிட்டிஷ் பிரதமர் சேர்ச்சில் தன் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இதைத்தான் எழுதினார்: முக்கியமானது சின்னப் பந்திகளில் வரட்டும், சிக்கலான புள்ளிவிபரம் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

முன்மொழிவு கொஞ்சம் வேறு. அங்கே வாசிக்கிறவர் வெளியாள், உங்கள் கம்பனியின் பெருமை அவருக்கு இரண்டாம் பட்சம். முதல் பந்தியில் அவருடைய பிரச்சினை அவர் சொன்ன சொற்களிலேயே இருக்க வேண்டும், "என்னை விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்" என்று அவருக்குப் படவேண்டும். பிறகு என்ன செய்வீர்கள், எப்போது முடிப்பீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சண்டை அங்கேதான் வரும்.

விலையில் மிகக் கவனம். வற் வரி (பெறுமதி சேர் வரி) சேர்த்ததா, சேர்க்காததா என்று எழுதுங்கள், 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம், சின்னக் காசு இல்லை. விலை எந்தத் திகதிவரை செல்லும் என்றும் எழுதுங்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டபோது 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டது. புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெனரேட்டர் இறக்கித் தருவதாக ரூபாயில் விலை கொடுத்திருந்தார், திகதி போடவில்லை. வாங்குகிறவர் அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விலைக்கே கேட்டார். கொடுத்த வாக்கு என்று நட்டத்தில் இறக்கிக் கொடுத்தார் மனிதர். "விலை 14 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

அரச நிறுவனத்தின் கேள்விமனு (டெண்டர்) என்றால், அவர்கள் கேட்ட ஒழுங்கை ஒரு வரிகூட மாற்றாதீர்கள், நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். பிந்தி வருவதைத் திறக்காமலே திருப்பிவிடுவார்கள்.

முதல் பக்கத்தை எழுதியதும் வீட்டில் யாருக்காவது தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் "அப்ப எவ்வளவு காசு?" என்று கேட்டால், காசு இன்னும் மேலே வரவேண்டும். திருத்திய முதல் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து பார்க்கிறேன்.